ஆத்தங்கரையிடம் தோற்ற ஆட்டம்

பூட்ஸுக்குக் கயிறு கிடைக்காமல் பழனியாண்டி வாழைநாரைத் திரித்துக்கொண்டிருந்தான். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் ஜூலியஸ் கிராணி பந்துக் கொட்டகைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு நீங்க தோக்கணும்."

பதினோரு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கிராணி வேடிக்கைப் பேச்சுப் பேசுகிற ஆளில்லை. ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கால்பந்துக் கழகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே அவர்தான் செயலாளர்.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷம், பந்துப் பைத்தியம் பிடித்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் பழைய மரங்களை வெட்டித் திடல் போட்டதில் பிறந்தது அந்தக் கழகம். மற்றத் தோட்டங்களில் நன்றாக ஆடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, பேருக்கு ஒரு வேலையும் ஆட்டத்துக்கென்று தனிச் சம்பளமும் கொடுத்தார். பழனியாண்டியும் அப்படி வந்து காப்டனானவன்தான். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பாதி நாள் திடலில் ஓடுவான். இத்தனை செய்தும் கழகம் இரண்டாம் டிவிஷனைத் தாண்டவில்லை. மூன்று முறை முதல் டிவிஷன் ஒரே புள்ளியில் கை நழுவியது. ஆனால் பக்கத்து ஆத்தங்கரைத் தோட்டத்தாரிடம் மட்டும் ஒருநாளும் தோற்றதில்லை. அந்த ஒன்றை வைத்தே லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். நாற்பத்தொன்று டிசம்பரில் ஒரே ஒரு ஆட்டம் பாக்கியிருந்தது. ஜெயித்தால் முதல் டிவிஷன். அந்த வாரம்தான் ஜப்பான்காரன் அலோர் ஸ்டாருக்குள் நுழைந்தான். துரை தெற்கே ஓடிப்போனார். திடலைச் சுற்றி மரவள்ளி முளைத்தது.

இப்போது, ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குப் பிறகு, ஜப்பான் அதிகாரி ஒருவன் ஆட்டம் வைத்திருந்தான். ஆத்தங்கரையோடு. பரிசு இரண்டு மூட்டை அரிசி.

"ஜெயிக்கிற டீமை அப்படியே சயாமுக்கு ஏத்தப் போறாங்க, ரயில் ரோடு போட. நல்லா ஓடுறவனா வேணுமாம். அந்த அதிகாரிக்குப் பேச்சை மாத்திச் சொல்ற துபாஷி என் காதுல போட்டான்," என்றார் கிராணி.

பழனியாண்டியின் அண்ணன் சித்திரையில் அந்த வேலைக்குப் போனவன். மூன்று மாதம் என்றார்கள். ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கடிதம் இல்லை. கூடப் போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை.

"அப்ப ஆத்தங்கரைக்காரனுங்க?" முன்வரிசையில் ஆடும் பக்கிரிசாமி கேட்டான்.

கிராணி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அவங்க கிராணி அவங்களுக்குச் சொல்லியிருப்பாரு."

சொல்லியிருந்தால் அவர்களும் தோற்கத்தானே பார்ப்பார்கள் என்று பழனியாண்டிக்குத் தோன்றியது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டத்தில் வேறு யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஆத்தங்கரைக்காரர்களுக்கு ஒன்றுமே தெரியாது. விலா எலும்பு தெரியும் உடம்போடு அரிசிக்காக உயிரைக் கொடுத்து ஓடினார்கள். அவர்கள் காப்டன் அம்மாசி முதல் கோலைப் போட்டான். இரண்டாம் பாதியில் பக்கிரிசாமியின் காலில் பந்து வந்தது. மூன்று பேரைத் தாண்டினான். பழனியாண்டி, "வேணாண்டா!" என்று கத்தியது கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிப் போயிற்று. பந்து கோலுக்குள் இருந்தது. பக்கிரிசாமி திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. "கால் தானா போயிருச்சுண்ணே," என்றான்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய நேரமில்லை. அம்மாசி பந்தோடு தனியாக வந்தான். அவன் வலப்பக்கம்தான் திரும்புவான். எட்டு வருஷமாகப் பழனியாண்டிக்கு அது தெரியும். ஒரு காலை நீட்டினால் போதும். அவன் காய்ந்த புல்லில் வழுக்கியவன்போல் விழுந்தான். விழுந்தபடியே, பின்னால் பந்து கோலுக்குள் போகும் சத்தத்தைக் கேட்டான்.

அம்மாசி ஓடி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். மூச்சு வாங்கியது. "வழுக்கிருச்சா பழனி? பரவால்லப்பா. எத்தனை வருஷம்! இன்னிக்குத்தான் உங்களை ஜெயிச்சோம்." அழுதுகொண்டிருந்தான்.

அதிகாரி கைதட்டினான். வென்றவர்கள் அலோர் ஸ்டாரில் பெரிய அணியோடு ஆட வேண்டும், இப்போதே புறப்படலாம் என்று துபாஷி அறிவித்தான். அரிசி மூட்டைகளை வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்களாம். சிப்பாய்கள் லோரியின் பின்கதவை இறக்கினார்கள். ஏறும்போது அம்மாசி கையை ஆட்டினான். பழனியாண்டியின் வாய் திறந்தது. இரண்டடி தள்ளித் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான்.

"பார்த்துப் போ," என்று மட்டும்தான் வந்தது.

லோரியில் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஏழாங்கட்டையில் பந்தை யாரும் தொடவில்லை. ஜூலியஸ் கிராணி ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி அகத்தா சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி பழனியாண்டியைக் கண்டால் வேறு வழியில் போனான்.

எட்டு மாதம் கழித்துப் பழனியாண்டி ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கைச் சுமந்து ஆத்தங்கரைக்கு நடந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனான். அவர்கள் திடலில் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கோல் கம்பத்தருகே ஒரு பெண் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அம்மாசியின் மனைவி செல்லாயி அவள்தான். எங்கிருந்து வருகிறான் என்பதை அவளிடம் சொன்னான்.

"ஏழாங்கட்டையா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க காப்டனை ஏமாத்திட்டுக் கோல் போட்டேன்னு வீட்ல சொல்லச் சொன்னாராம், லோரியில ஏறுறப்ப. இங்க அதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அரிசிதான் வரவே இல்ல."

"நான்தான் அந்தக் காப்டன்," என்றான் பழனியாண்டி. "அன்னிக்கு நான் வழுக்கல."

அவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. இருந்த ஒரே சேலையாக இருக்க வேண்டும்; இடுப்பில் சாக்கைச் சுற்றியிருந்தாள். நனைந்த சேலையின் ஒரு முனையை அவன் பக்கம் நீட்டினாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்கண்ணே. எனக்கு எட்டல."

கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அவன் பிடித்தான். இருவரும் சேர்ந்து சேலையைக் கோலின் மேல்கட்டையில் போட்டார்கள். அது கம்பத்துக்குக் கம்பம் விரிந்து தொங்கியது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் வரிசையாகச் சொட்டிக் கீழே புழுதியை நனைத்துக்கொண்டிருந்தது.