வாசித்துச் சொல்கிறவர்

“அத்தான், நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கிடுங்க. கடைசி ரெண்டு நிமிசம் வரைக்கும் மவுஸ்ல கையே வைக்கப்பிடாது.”

“அதுக்குள்ள எவனாவது முந்திக்கிட்டாம்னா?”

“முந்தட்டும். இது நம்ம கோயில் அறுப்பின் பண்டிகை ஏலம் இல்ல. ஒரு தரம், ரெண்டு தரம்னு கூப்பிடுததுக்கு அங்கன ஆள் கிடையாது. கடியாரம்தான் ஏலங்கூறுது. நீங்க பாட்டுக்கு மூணாந்தரத்துக்குக் காத்துக்கிட்டு இருந்துராதீங்க.”

போன ஞாயிற்றுக்கிழமை நியூஜெர்சியிலிருந்து மைத்துனன் ஹெப்ரான் இஸ்ரவேலிடம் ஃபோனில் பேசியது இது. கடைசி வாக்கியத்தில் கேலி இருந்தது. இருக்கத்தான் செய்யும். அக்டோபரில் இதே மாதிரி ஒரு ஏலத்தில் இஸ்ரவேல் தோற்ற விதம் அப்படி. அவனுக்குத் தெரிந்த ஏலமெல்லாம் கிறிஸ்தவக் கோயிலில், அறுவடைக் காணிக்கைப் பண்டிகையில் ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதுதான். முதல் குலை வாழை, ஒரு சேவல், ஒரு பூசணிக்காய் என்று காணிக்கையாக வந்ததையெல்லாம் வரிசையாக ஏலம் விடுவார்கள். கேட்க ஆள் இருக்கும்வரை ஏலம் முடியாது. ஐந்து ரூபாய்த் தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். ஏற்றிவிட்டவனைப் பார்த்து எல்லாரும் சந்தோஷமாகச் சிரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில், இண்டர்நெட் ஏலத்திலும் முதல் நாளே தாராளமாக ஏற்றிக் கேட்டு விலையை நூறு டாலருக்குக் கொண்டுபோய்விட்டான். முடிவதற்கு இருபது நொடி இருக்கும்போது யாரோ நூற்றுப் பதினெட்டு என்று போட்டான். இஸ்ரவேல் டீ தம்ளரைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தொகையை யோசித்தான். “முடிஞ்சிட்டே அண்ணாச்சி,” என்றான் பிரவுசிங் சென்டர்காரன் காஜா முகைதீன். “எப்படிவே முடியும்? இன்னும் மூணு தரம் சொல்லலியே,” என்று உண்மையாகவே கேட்டான் இஸ்ரவேல். அவன் மனைவி கிரேஸ் இதைத் தன் தம்பி ஹெப்ரானிடம் ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தாளே தவிர, ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டாள்.

இப்போது நவம்பர். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. வண்ணார்பேட்டையில் மழை விட்டிருந்தது, சாலையில் தேங்கிய தண்ணீரை பஸ்கள் இரண்டு பக்கமும் வாரி அடித்துக்கொண்டு போயின. பிரவுசிங் சென்டர் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில்.

“வாங்க அண்ணாச்சி. டீச்சர், படி வழுக்கும், பைய வாங்க.”

“பதினேழு படி. போன தடவையே எண்ணிட்டேன்,” என்றாள் கிரேஸ். “என்ன பாய், மூணு தரம் கூப்பிடுததுக்கு நீங்க தயாரா?”

“நம்ம அண்ணாச்சி கேட்டுக்கிட்டா முப்பது தரம் கூப்பிடுதேன் டீச்சர். கரண்ட் மட்டும் நிக்கணும். ரெண்டு நாளா வந்து வந்து போவுது.”

ஏலம் முடிவது நம்முடைய நேரத்துக்குப் பத்து மணி பத்து நிமிடம். ஹெப்ரானுக்கு அது நடுராத்திரி, ஆஸ்பத்திரி லேபில் டூட்டி நேரம். அதனால் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, அத்தானே கேட்கட்டும் என்று விட்டிருந்தான். கார்டில் நூற்று எண்பது டாலர்தான் தேறும். அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் விட்டுவிட வேண்டும். கிடைத்தால் கிறிஸ்மஸுக்கு வரும்போது கையோடு கொண்டுவருவான்.

பொருள் ஒரு பிரெய்ல் தட்டச்சு மிஷின். ஓஹையோவில் யாரோ ஒரு பெண், இறந்துபோன தன் சித்தியுடையது என்று எழுதியிருந்தாள். சாம்பல் நிறம், ஒரு பக்கம் பெயிண்ட் உரிந்தது, மற்றபடி நன்றாக வேலை செய்கிறது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளிக்கு ஒன்று. ஆர்மோனியம் வாசிப்பது போல விரலை வைத்தால் போதும், எழுத்து புடைத்துக்கொண்டு வரும். புதிதாக வாங்கினால் இஸ்ரவேலின் எட்டு மாதச் சம்பளம். பாளையங்கோட்டையில் கூட்டுறவுச் சங்கத்தில் அவன் கிளார்க்.

கிரேஸுக்கு நான்கு வயதில் தட்டம்மையில் பார்வை போனது. படித்ததும் பார்வையற்றோர் பள்ளியில்தான், இப்போது டீச்சராக இருப்பதும் அதே மாதிரி ஒரு பள்ளியில்தான். பிள்ளைகளுக்குப் பாடம், கதை எல்லாம் அவளே எழுதுவாள். தடித்த தாளைச் சட்டத்தில் செருகி, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பிப்போட்டு வாசிப்பது என்பதால் குத்துவது வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தும் இடவலம் மாறி. இருபது வருடம் குத்தியதில் வலது மணிக்கட்டு நரம்பு கெட்டுப்போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் ஊசியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மிஷின் என்றால் பரவாயில்லை, அதில் விரலுக்குத்தான் வேலை என்றார். பள்ளியில் இருந்த ஒரே மிஷினில் பரீட்சைத் தாள் அடிக்கவே நேரம் போதவில்லை.

அதற்குப் பிறகு அவள் சொல்ல, இஸ்ரவேல் எழுதினான். தினமும் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை. அவன் பேனாவில் எழுதுவதைப் பள்ளியில் வேறொரு டீச்சர் புள்ளியாக மாற்றுவாள்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி இஸ்ரவேல் யாரிடமும் பேசியதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். முதல் பத்து வருடம் அவன் பேப்பர் வாசிப்பான், வந்த கடிதங்களை வாசிப்பான். பிறகு அவள் சட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் டக் டக் என்று ஊசிச் சத்தம் மட்டும் கேட்கும். என்ன எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. மேசைமேல் அவள் வைத்துவிட்டுப் போன தாளை எடுத்துப் பார்த்தால் வெறும் புடைப்பாக இருக்கும். சண்டை இல்லை, குறை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. பிள்ளைகளும் பிறக்கவில்லை. அவள் சொல்லி அவன் எழுதத் தொடங்கிய பிறகுதான் தன் மனைவி எப்படியெல்லாம் யோசிப்பாள் என்று தெரிந்தது. தகரத்தில் விழுகிற மழையும் வாழை இலையில் விழுகிற மழையும் அண்ணன் தம்பி, ஆனால் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு கதை சொன்னாள். யானையைக் காதில் தொடங்கி வாலில் முடிக்காமல், அது பக்கத்தில் வந்து நின்றால் நிழல் விழுந்ததுபோல் உடம்பு குளிர்வதிலிருந்து தொடங்கினாள். நடுவில் தன் கதைக்குத் தானே சிரித்துவிட்டு, “இத எழுதாதீங்க,” என்பாள். அவன் எழுதிவிடுவான்.

ஒன்பது ஐம்பதுக்கு விலை நூற்றுப் பன்னிரண்டில் இருந்தது.

“எத்தனை பேரு கேக்காங்க?” என்றாள் கிரேஸ்.

“நாலு.”

“அந்தப் பழைய ஆளு உண்டா? நம்மளத் தோக்கடிச்சவன்?”

“பேரு வேற. ஆனா இவனும் அவன மாதிரித்தான், கடைசியில வந்து தட்டுவான் போலுக்கு.”

“நீங்களும் தட்டுங்க,” என்றாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். காலையில் அவளாகவே நல்ல சேலை கட்டியிருந்ததை இஸ்ரவேல் கவனித்திருந்தான்.

பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு மின்விசிறி மெதுவாகி நின்றது. பாட்டரியில் கம்ப்யூட்டர் ஓடியது, ஆனால் மோடம் அணைந்து இணைப்பு போய்விட்டது. “ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிசம்,” என்று காஜா முகைதீன் மேசைக்கு அடியில் குனிந்து வயர்களை இழுத்தான். அப்போதுதான் இஸ்ரவேல் தன் நெஞ்சில் ஒன்றைக் கண்டான். அது பதற்றம் இல்லை. பஸ் வராது என்று தெரிந்தவுடன், இனி ஓட வேண்டாம் என்று வருகிற நிம்மதி. லைன் போய்விட்டது, நாம் என்ன செய்ய முடியும். மிஷின் வராவிட்டால் ஏழு மணிக்கு எப்போதும்போல் நோட்டை எடுக்கலாம். அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன்.

தனக்குள் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது அவனுக்கே புதிதாக இருந்தது. மிஷினைத் தேடிக் கண்டுபிடித்தவன் அவன். ஹெப்ரானுக்கு எழுதியவன் அவன். அக்டோபரில் தோற்றபோது மனதாரத்தான் வருந்தினான், அல்லது அப்படி நினைத்திருந்தான்.

கரண்ட் வந்தது. மோடம் கீச்சென்று கத்தி, இரைந்து, அடங்கியது. பத்து ஏழுக்கு ஏலப் பக்கம் திரும்பவும் திறந்தது.

“எவ்வளவு?” என்றாள் கிரேஸ்.

திரையில் நூற்று நாற்பத்தொன்று என்றிருந்தது. முடிய இரண்டு நிமிடம் நாற்பது நொடி. கீழே, தொகையை அடிக்க வேண்டிய சின்னக் கட்டம் காலியாக இருந்தது.

“நூத்தித் தொண்ணூறு,” என்றான் இஸ்ரவேல்.

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே கேட்டது. குரல் கொஞ்சம் இறங்கி, மென்மையாக, நோயாளியிடம் பேசுவதுபோல இருந்தது.

“ஒரேடியாவா?”

“லைன் போயிருந்த நேரத்துல ரெண்டு பேரு போட்டி போட்டிருக்கானுவ. பத்து டாலர்ல தாண்டிட்டு.”

கிரேஸ் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “சரி,” என்றாள். குனிந்து, நாற்காலிக் காலில் சாய்த்து வைத்திருந்த குடையைத் தேடினாள்.

இரண்டு நிமிடம். நூற்று எண்பது என்று அடித்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். இஸ்ரவேலின் விரல் எண்களின் மேல் வந்து நின்றது. அடித்துவிட்டு அவளிடம் என்ன சொல்வது? விலை குறைந்துவிட்டது என்றா? உலகத்தில் எந்த ஏலத்திலும் விலை இறங்கியதில்லை. கோயிலில் பூசணிக்காய் ஏலம் கேட்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஏறிப்போனதாகச் சொன்ன விலையிலிருந்து இறங்கி வர அவனுக்கு வழி இல்லை, பொய் சொன்னதை ஒப்புக்கொள்கிற ஒரே ஒரு வழியைத் தவிர. அதைச் சொல்ல வாய் வரவில்லை. எத்தனையோ வாசித்திருக்கிறான், எத்தனையோ இடங்களை விட்டும் மாற்றியும் வாசித்திருக்கிறான். சாளை மீனில் அவளுக்கு முள்ளை எடுத்து வைப்பதைப்போலத்தான் அதையும் நினைத்திருந்தான். கிரேஸ் யாரைவிடவும் சுத்தமாக முள் எடுத்துத் தின்பாள். இருந்தாலும் எடுத்து வைப்பான், அவளும் பேசாமல் தின்பாள். ஆனால் அந்த முள்ளெல்லாம் அவளுக்காக எடுத்தது. இது தனக்காக.

கிரேஸ் குடையை எடுத்தாள். எழுந்திருக்கவில்லை.

“கல்யாணமான புதுசுல ஒங்க அம்மா ஒரு காயிதம் எழுதியிருந்தாவ,” என்றாள் மெதுவாக, காஜா முகைதீனுக்குக் கேட்காதபடி. “முத பக்கம் வாசிச்சீய. ரெண்டாம் பக்கத்த மடக்குத சத்தம் கேட்டுது. வாசிச்ச சத்தம் கேக்கல.”

“கிரேஸ்…”

“போன வருசம் நம்ம கதையெல்லாம் மெட்ராஸ்ல புஸ்தகம் போடுதவங்களுக்கு அனுப்புனோம்லா. பதில் வந்துருக்கு, பாத்துக்கிட்டு இருக்காங்களாம்னு வாசிச்சீய. தபால்காரர்ட்ட கவர வாங்கினது நான். நாம அனுப்புன அதே கனம். திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்கு நோவப்பிடாதுன்னுதான் அப்படி வாசிக்கீயன்னு நானும் கேட்டுக்கிடல. ஆனா அதுக்குன்னு ஒங்களுக்கு ஒரு கொரல் உண்டு. இப்ப வந்ததும் அந்தக் கொரல்தான்.”

கீழே பாத்திரக் கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் பத்து நொடி. அவன் பக்கத்தைப் புதுப்பிக்கிற பொத்தானை அழுத்தினான். ஏன் அழுத்தினான் என்று தெரியாது. எதையாவது அழுத்த வேண்டியிருந்தது. திரை வெளுத்துப்போய், மேலிருந்து கோடு கோடாகத் திரும்ப வரத் தொடங்கியது.

“பன்னெண்டு வருசமா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனைக்கேன்,” என்றாள் கிரேஸ். “கேட்டா நீங்க வாசிக்கதையே நிறுத்திருவீயளோன்னு பயந்து பயந்து விட்டுட்டேன்.”

“கேளு.”

அவள் குடையைக் கீழே வைத்தாள். கையை நீட்டி, மேசை விளிம்பைத் தடவி, விசைப்பலகையின் மேல் இருந்த அவன் கையின்மேல் வைத்தாள்.

“அதுல என்ன போட்டிருக்கோ, அத இருக்கபடியே எனக்கு வாசிங்க.”

திரையில் மிஷினின் படம் பாதிவரை வந்து நின்றிருந்தது. ஆறு விசைகளின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. விலை எழுதிய வரி அதற்குக் கீழே, இன்னும் வந்து சேராமல் இருந்தது.