பட்டன் தாண்டாத கோடு

எதிர்வீட்டு வாசலில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. என் கதவில் ஒரு கண்ணாடித் துளை இருக்கிறது. அதற்கு நேர் எதிரே டெய்லர் குடியிருக்கிறார். இதில் என் தப்பு என்ன?

டெய்லர் தனியாள். "அளவுச் சட்டை கொண்டாந்தீங்களா", "எப்ப வேணும்", இந்த இரண்டு கேள்வியோடு அவருடைய ஒரு நாள் பேச்சு தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் மடியில் நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு தெருநாய் நான்கு குட்டி போட்டிருந்தது. குட்டிகள் பால் மறக்கிற சமயத்தில் தாய் வண்டியில் அடிபட்டுப் போனது. அடுத்த வாரமே மூன்று குட்டிகள் வாந்தியும் பேதியுமாகப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது இது ஒன்றுதான். கறுப்பாக, உருண்டையாக ஒரு மூக்கு. பட்டன் என்று பெயர் வைத்தார்.

மூன்றைப் பறிகொடுத்ததைப் பார்த்தவருக்கு நாலாவதைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று பிடிவாதம். கால்நடை டாக்டரிடம் போய்வந்து, நான் கேட்காமலே விவரம் சொன்னார். சரி, கேட்டுத்தான் சொன்னார். தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே போகுமாம். ஊசி தருகிற பாதுகாப்பு ஒரேயடியாக வந்து உட்கார்ந்துவிடாதாம். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் நோய் நுழையுமாம். அதனால் சில வாரங்கள் விட்டுவிட்டு மூன்று ஊசி. மூன்றும் முடிகிறவரை பட்டன் தெருவில் கால் வைக்கக் கூடாது. தெருவை மிதித்த செருப்பும் பட்டன் பக்கத்தில் வரக் கூடாது.

மறுநாள் காலையில் டெய்லர் துணியில் குறி போடுகிற சாக்கட்டியை எடுத்து, தன் வாசலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி, ஸ்கேல் வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தார். செருப்பு கோட்டுக்கு அந்தப்பக்கம், பட்டன் இந்தப்பக்கம். தினமும் அழிந்தது, தினமும் போட்டார். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கூட அங்கேயே நின்று கைகளை விரித்து அளவு கொடுத்தார்கள். பார்க்க யாரோ துப்பாக்கி நீட்டியது போல இருக்கும்.

எங்கள் கட்டடத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. கோடு போட்டால் ஒருவரும் தாண்ட மாட்டார்கள். கால்தானே தாண்டக் கூடாது, கைக்கு என்ன?

முதல் ஊசி போட்டு வந்த வாரம் முதலே ஆரம்பித்துவிட்டது. டெய்லர் மெஷினில் உட்கார்ந்தால் தலை நிமிரமாட்டார், கதவு காற்றுக்காகத் திறந்திருக்கும். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் படியேறுகிற சாக்கில் குனிந்து, குழந்தைகளுக்கான சத்து டானிக்கை ஒரு மூடி ஊற்றிவிட்டுப் போவார். ஜிம் நடத்துகிற தம்பி தன் புரோட்டீன் பவுடரைக் குழைத்து விரலில் நீட்டுவான். மேல்மாடிக் கணக்கு டீச்சர் மீன் எண்ணெய் மாத்திரையைக் குண்டூசியால் குத்திப் பிழிவார். எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்: ஊசி பாட்டுக்கு ஊசி, உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஊறவேண்டாமா? ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும்.

இரண்டாவது ஊசிக்கு முந்தின நாள் பட்டன் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் வாந்தி, பேதி. டெய்லர் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். பத்து வருடத்தில் அவர் என் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அந்த மூணும் இப்படித்தான் ஆச்சு" என்றார்.

துணைக்கு என்று நானும் ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டர் சின்னப் பெண், வாய் மட்டும் பெரிய டாக்டர். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மற்ற குட்டிகளைக் கொண்டுபோன நோய்தானா என்று பார்க்க ஒரு சோதனை செய்தார். பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். டெய்லர் தன் கழுத்து டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அந்த நோய் இல்லை. டெய்லர் மூச்சு விடுவதற்குள் டாக்டர் அடுத்ததைக் கேட்டார்: ஈறு ஏன் இப்படி வெளுத்திருக்கிறது, குட்டி என்ன சாப்பிட்டது? நீங்கள் சொன்ன குட்டித் தீனியும் தண்ணீரும் மட்டும்தான் என்று டெய்லர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பாவம், அவருக்கு அதுதான் உண்மை.

நான் தொண்டையைச் செருமினேன். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார், எத்தனை மூடி என்று ஒப்பித்தேன். டாக்டர் எழுத எழுதப் பக்கம் நிறைந்தது. டெய்லர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமா வியப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டாக்டர் பேனாவை வைத்தார். "இதெல்லாம் வயித்தைக் கெடுக்கும்மா. ஆனா ரத்தத்தை இப்படி வெளுக்க வைக்காது. வேற ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கு. அது தெரியாம நான் மருந்து குடுத்தா குருட்டு வைத்தியம். யாராவது வெங்காயம், பூண்டு, அந்த மாதிரி?"

மேஜைமேல் பட்டன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. காலையும் சாயங்காலமும் பழக்கப்பட்ட கை எது என்று அதற்குத் தெரியும். வாலை ஒரு தடவை ஆட்டியது.

"பூண்டு" என்றேன். "பாலில நசுக்கிப் போட்டு. ஒரு வாரமா. எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுன்னு."

"யார் குடுத்தது?"

"நான்தான்."

ஊர்க்கதை அத்தனையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த எனக்கு இந்த ஒரு சொல் கடைசியில்தான் வாயில் வந்தது. நாய்க்கும் பூனைக்கும் பூண்டு ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்று டாக்டர் விளக்கியபோது நான் சுவரில் இருந்த பூனைக்குட்டிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டி முடித்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்பவாவது சொன்னீங்களே. இன்னும் ரெண்டு நாள் குடுத்திருந்தா நானும் கையை விரிச்சிருப்பேன். ஊசி இப்ப வேணாம், முதல்ல தேறட்டும்."

இரண்டு நாள் டிரிப் ஏறியது. மூன்றாம் நாள் பட்டன் டாக்டரின் விரலைக் கடித்தது. நல்ல சகுனம் என்று டாக்டரே சொன்னார். பத்து நாள் தள்ளி இரண்டாவது ஊசி.

பட்டன் வீட்டுக்கு வந்த அன்று டெய்லர் மறுபடி என் கதவைத் தட்டினார். கையில் டேப். "கையை நீட்டுங்க அக்கா."

நீட்டினேன். தோளிலிருந்து விரல் நுனிவரை அளந்தார். "குனிஞ்சா இன்னும் எவ்வளவு வரும்?" என்று கேட்டு அதையும் அளந்துகொண்டார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து புதுக் கோடு போட்டார். கோடு என் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு போனது. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சிய இடுக்கில்தான் மருந்துக்கடையும் ஜிம்மும் கணக்கும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார்கள்.

"காவல் நீங்கதான்" என்றார் டெய்லர். "எப்படியும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கப் போறீங்க."

மூன்றாவது ஊசியும் முடிந்து, அது உடம்பில் பிடிக்க டாக்டர் சொன்ன இரண்டு வாரமும் கழிந்த காலையில், டெய்லர் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தார். பட்டன் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. நேராக என் வாசலுக்கு வந்து உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தது.

விரித்துக் காட்டினேன், ஒன்றுமில்லை. ஆனாலும் நக்கியது.