ஈரத்தளத்தில் அண்ணி

வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்படிப்பட்டவளுக்குக் கார் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதுவும் என்ன வேலை? ஓடுகிற காரில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிற வேலை. "தூங்குறதுக்குச் சம்பளம் குடுக்குற கம்பெனியும் இருக்கா?" என்று கேட்டு, அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார். வீட்டில் தொடங்கிய பெயர், எப்படியோ ஆபீஸ் வரைக்கும் நடந்து வந்துவிட்டது.

ஆனால் அந்த அரைத்தூக்கத்தில்தான் அவளுக்கு மூளை வேலை செய்யும். கண்ணை மூடிக்கொண்டால் கார் முதுகு வழியாக, உள்ளங்கால் வழியாக அவளோடு பேசத் தொடங்கும். எந்த டயர் தரையைப் பிடித்திருக்கிறது, எது பிடியை விடப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் அவள் கைக்கு வந்தது ஒரு முரட்டுக் கார். இன்ஜினுக்கு அசுர பலம். அத்தனை பலமும் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே போகும். காரை இழுப்பதும் அந்த இரண்டுதான், திருப்புவதும் அந்த இரண்டுதான். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் காரின் பாரம் பின்பக்கம் சாய்ந்துவிடும், முன்பக்கம் லேசாகிவிடும். பாரம் எங்கே வேண்டுமோ அங்கே இருக்காது. சக்கரம் தரையைப் பற்றாமல் நின்ற இடத்திலேயே சுற்றும், ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஓடப் பார்க்கும். சக்கரம் அப்படிச் சுற்றத் தொடங்கும்போதே கண்டுபிடித்து, இன்ஜினை எவ்வளவு அடக்க வேண்டும், சுற்றுகிற சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் பிடிக்க வேண்டும் என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் அவள் வேலை.

இதற்கென்றே கம்பெனியில் ஓர் ஈரத்தளம் இருந்தது. வழுவழுவென்று தேய்த்த கறுப்புக் கல் பதித்த நீண்ட பாதை. இரண்டு ஓரத்திலும் குழாய்கள் தண்ணீரைப் பூவாகத் தூவிக்கொண்டே இருக்கும். காலையில் மேகமெல்லாம் அந்தக் கறுப்புக் கல்லுக்குள் இறங்கிக் கிடக்கும். காருக்கு மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம். நடுவில் அவள் மிதந்துகொண்டிருப்பாள்.

காரை ஓட்டுபவர் பஞ்சுக்கால். கம்பெனியின் பழைய டிரைவர். அவர் பெடலை மிதிப்பது பெடலுக்கே தெரியாது என்பார்கள். அவர் ஓட்ட, அவள் கண்ணை மூடிக் கேட்டு எழுத, மாதக்கணக்கில் வேலை நடந்தது. கடைசியில் கார் ஈரத்தில் வழுக்காமல், பிசிறில்லாமல் போயிற்று. எல்லோரும் கைகொடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் மேலாளர் ஒரு மழைநாளில் அந்தக் காரைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் வந்தபோது முன்பம்பரில் செம்பருத்திக் கிளை ஒன்று சொருகியிருந்தது.

"என்ன சார் இது?" என்றாள்.

"என் வீட்டுத் தோட்டம்மா," என்றார் மேலாளர். "கேட்டுக்கு வெளியில சின்ன மேடு. மழை. ரோட்டுல வண்டி வருதேன்னு கொஞ்சம் அவசரமா மிதிச்சேன். சக்கரம் கிர்ருனு சுத்துது, சேறு தெறிக்குது, ஸ்டியரிங் என் கையில இல்ல. நேரா செடிக்குள்ள போய் நின்னுடுச்சு. என் வீட்டம்மா இன்னும் என்னோட பேசல."

பஞ்சுக்காலின் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு ஒரு தடவைகூட அப்படிச் சுத்தலையே சார்," என்றார்.

அவர் அதைச் சொன்னதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்குச் சுற்றாது. எப்படிச் சுற்றும்? சக்கரம் நழுவுவதற்கு முன்பே அந்தக் கால் தானாகத் தளர்ந்துவிடும். அத்தனை மாதமும் கம்ப்யூட்டருக்கு அவள் சொல்லிவைத்தது பஞ்சுக்கால் ஓட்டும் காரைப் பற்றித்தான். ஊரில் எல்லோருக்கும் பஞ்சுக்காலா இருக்கிறது?

"அண்ணே, ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு ஓங்கி மிதிங்க," என்று கெஞ்சினாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்று பார்த்தார். காலை ஓங்குவார், பெடலின் மேல் அது பூனையாக வந்து உட்காரும். "வரமாட்டேங்குதும்மா," என்றார் பாவமாக. மற்ற டிரைவர்களும் அவரிடம் தொழில் பழகியவர்கள். எல்லாம் அதே ஜாதிக் கால்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மாடியில் தையல் மெஷின் தடதடவென்று ஓடியது, நின்றது, மறுபடி தடதடவென்று ஓடியது. நாத்தனார் கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். பெடலில் கால் வைத்தால் பாதி என்ற பேச்சே கிடையாது. ஒன்று மிதி, இல்லாவிட்டால் எடு. அவர் கார் ஓட்டியதும் அப்படித்தான். தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே நாய்கள் எழுந்து வழிவிட்ட காலம் ஒன்று உண்டு. போன வருஷம் கணவர் தவறிப்போன பிறகு காரை விற்றுவிட்டு, தம்பி வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

"உங்க அக்காவைக் கூப்பிட்டா வருவாங்களா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"அக்காவையா? காருக்கா? ஐயோ, ஆளை விடு. நீயே போய்க் கேட்டுக்கோ."

மாடிக்குப் போனாள். அறை முழுக்க வெள்ளைத் திரைத்துணி அலையாக விரிந்து கிடந்தது. நடுவில் நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒரு உதவி. எங்க காரைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டணும்."

"ஏன், உங்க கம்பெனியில நல்லா ஓட்டுற ஆள் கிடைக்கலையா?"

"நல்லா ஓட்டுற ஆள் இருக்கார் அண்ணி. அதுதான் பிரச்சனையே."

நாத்தனார் நூலை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "காலையில எத்தனை மணிக்குப் போகணும்?" என்றார் அவர்.

மேலாளர் அனுமதி கொடுத்தார். செம்பருத்தி விவகாரம் அப்போது இன்னும் ஓயவில்லை. நாத்தனார் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இருக்கையை முன்னால் இழுத்து உட்கார்ந்தார். தளத்தின் ஓரத்தில் இருந்த கண்ணாடிச் சாவடியில் தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிடும் பொறுப்பைப் பஞ்சுக்கால் ஏற்றுக்கொண்டார். தன் காரை வேறொருவர் ஓட்டுவதை அவரால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கார் கிளம்பியது. மெதுவாக, மிகமிக மெதுவாக. அவள் லேப்டாப் திரையைப் பார்த்தாள். சக்கரம் நழுவுவதைக் காட்டும் கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போயிற்று.

"அண்ணி, கொஞ்சம் மிதிங்க."

"மிதிக்கிறேனே."

மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் காலுக்கு என்னவோ ஆகிவிட்டிருந்தது. இப்படி அழைத்து வந்து உட்கார வைத்தது தப்போ என்று அவளுக்குப் பட்டது. அவர் இஷ்டத்துக்கு ஓட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

கார் தளத்தின் ஒரு முனைக்குப் போய்த் திரும்பி, மறுமுனைக்கு வந்தது. தண்ணீர்த்தூவல் கண்ணாடியில் விழுந்து வழிந்தது. கல்லுக்குள் கிடந்த மேகங்கள் சக்கரத்துக்கு அடியில் கிழிந்து, பின்னால் மெல்ல ஒன்றுசேர்ந்தன. மாடியறைத் திரைத்துணிதான் இங்கே விரிந்து கிடக்கிறது, அதன்மேல்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது அவளுக்கு. அந்தத் துணிக்கு ஓரமே இல்லை. யாரோ தொலைவில் தைத்துக்கொண்டே போகிறார்கள். ஊசி ஏறி இறங்கும் சத்தம்கூடக் கேட்டது...

கார் உறுமியது.

முதுகு இருக்கையில் அறைந்தது. முன்பக்கம் எகிறி, சக்கரங்கள் அலறி, தண்ணீர் இரண்டு சிறகாக எழும்பியது. கார் நேராகப் போகாமல் பக்கவாட்டில் வழுக்கி, அரைவட்டம் போட்டு, வந்த திசையைப் பார்த்து நின்றது.

அவள் விழித்துப் பார்த்தபோது நாத்தனாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வாயைப் பொத்தியிருந்தது.

"பழக்கதோஷம்," என்றார். "என் வீட்டுக்காரரும் உன்னை மாதிரித்தான். வண்டியில ஏறினதும் குறட்டை. எழுப்பணும்னா ஒரே மிதிதான். அலறிக்கிட்டு எந்திரிப்பார். நீ தலையைச் சாய்ச்சதும் கால் தானாப் போயிடுச்சு."

கண்ணாடியில் வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. நாத்தனாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவர் கையைத் தொட்டாள். அழுகைதான். ஆனால் அதற்குள்ளிருந்து சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு தடவை, டிராபிக் சிக்னல்ல... மனுஷன் எந்திரிச்ச வேகத்துல, பக்கத்துல பைக்குல இருந்தவனுக்குக் கும்பிடு போட்டார்!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரையில் கோடு மலையும் பள்ளமுமாகக் கிடந்தது. மாதக்கணக்கில் தேடியது அதைத்தான்.

"தூங்குமூஞ்சி, இன்னொரு தடவை மிதிக்கவா?"

"மிதிங்க அண்ணி."

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். நாத்தனார் மிதிப்பார். கார் துள்ளும். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். முதலில் அவள் செய்துவைத்த மாற்றம் சரிப்படவில்லை. சக்கரம் சுற்றினால் கம்ப்யூட்டர் இன்ஜினை ஒரேயடியாக அடக்கிவிட்டது. "ஓடுறவன் மூக்கைப் பொத்துற மாதிரி இருக்குடி," என்றார் நாத்தனார். உண்மைதான். அடக்கி, விட்டு, மறுபடி அடக்கி, கார் விக்கல் எடுத்தது.

ஒருநாள் மத்தியானம் சாவடியில் மேஜைமேல் தலைவைத்துப் படுத்திருந்தபோது அவளுக்குத் தோன்றியது: நழுவவே கூடாது என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? டயர் துளியளவு நழுவும்போதுதான் தரையை நன்றாகப் பிடிக்கிறது. அந்தத் துளியை விட்டுவைத்தாள். முதல் இரண்டு கியரில் இன்ஜின் முழு பலத்தையும் ஒரே மூச்சில் கொட்டாமல், படிப்படியாக ஏறும்படி செய்தாள். ஒரு சக்கரம் மட்டும் தறிகெட்டுச் சுற்றினால் அதற்கு மட்டும் லேசாகப் பிரேக். அப்போது பலம் மற்றச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஈரத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கிற டயர் வேண்டும் என்று கேட்டதற்கும் மேலாளர் தலையாட்டிவிட்டார்.

மாற்றங்கள் முடிந்த அன்று பஞ்சுக்காலைப் பின்னிருக்கையில் உட்காரச் சொன்னாள். நாத்தனார் திரும்பி அவரைப் பார்த்து, "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க," என்று எச்சரித்துவிட்டு ஓங்கி மிதித்தார்.

கார் ஒருகணம் தரையை முகர்ந்து பார்த்தது. பிறகு கிளம்பியது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கவில்லை. சக்கரம் அலறவில்லை. மேகங்களின் மேல் நேராக, ஒரே இழுப்பில், வேகமாக வேகமாகப் போயிற்று. தளம் முடிந்து கார் நின்ற பிறகும் மூவரும் இன்னும் போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது.

"யம்மா," என்றார் பஞ்சுக்கால், "இது நான் ஓட்டின மாதிரியே இருக்கு."

நாத்தனார் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "அவ்வளவுதானா? ஒண்ணுமே நடக்கலையே!"

"நடக்காம இருக்கத்தான் அண்ணி இத்தனை பாடு."

"அது சரி. உன் வேலை நல்ல வேலைதான். நான் ஒண்ணும் குறை சொல்லல." ஆனால் அவர் கை ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தது. இனி அவர் வர வேண்டிய வேலையில்லை என்று மூவருக்கும் தெரியும்.

அவள் கையை நீட்டி, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினாள். "இதை அழுத்தினா நான் செஞ்சதெல்லாம் கொஞ்ச நேரம் விலகிக்கும். கார் பழைய முரடாயிடும்."

நாத்தனார் பொத்தானைப் பார்த்தார். பின்கண்ணாடியில் பஞ்சுக்காலைப் பார்த்தார்.

பஞ்சுக்கால் கதவைத் திறந்து இறங்கினார். "இருங்க," என்றார், "இன்னும் கொஞ்சம் தண்ணி திறந்துவிடுறேன்." நனைந்துகொண்டே சாவடிக்கு ஓடினார். குழாய்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்து பொழிந்தன. கறுப்புக் கல் மொத்தமும் வானமாயிற்று.

நாத்தனார் பொத்தானை அழுத்தினார்.