வரம்பு அளக்காத பாடம்

ஸுஹைறா பேராதனையில் மெய்யியல் படித்தவள். அரசாங்க நியமனம் வரும்வரை கல்முனைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பித்தாள். எது சரியான வாதம், எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்க்கிற பாடம். அதை எடுக்கத்தான் பிள்ளைகள் இல்லை. இன்னும் ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் பாடத்தை நிறுத்திவிடுவதாக அதிபர் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு பிள்ளையாக வந்தவள் மாவடிப்பள்ளி ஊர்ப் பாஹிமா. "மீனெல்லாம் நீந்தும், இவர் நீந்துறார், அப்ப இவர் மீன்" என்று பலகையில் எழுதிப் பிழை எங்கே என்று ஸுஹைறா கேட்டபோது, அவள்தான் எழும்பினாள்.

"நீந்துறதெல்லாம் மீன் எண்டு ஆரும் சொல்லல்லயே டீச்சர். எங்கட எருமையும்தான் நீந்தும்."

வகுப்பு சிரித்தது. இவளைப் பேராதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று ஸுஹைறா அன்றே நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் பாஹிமாவின் வாப்பா காலிதீன் ஒரு பை வெள்ளரிப்பழத்தோடு வந்தார். மகளைப் பற்றி விசாரித்தார். பிறகு வயலைப் பற்றிச் சொன்னார்.

"பக்கத்து வயல்காரன் போகத்துக்குப் போகம் வரம்ப வெட்டிக்கி உள்ள வாறான் டீச்சர். மகள் படிச்சி சேர்வேயர் ஆகட்டும். முதல்ல எங்கட வயலத்தான் அளக்கணும்."

அளவையியல் என்றால் நிலம் அளக்கிற படிப்பு என்று அவர் நம்பியிருந்தார். பேசாமல் இருந்தால் பாடம் தப்பிக்கும், ஸுஹைறாவின் வேலையும் தப்பிக்கும். ஆனால் பிழை என்று தெரிந்த ஒன்றை அப்படியே நிற்க விடுவதற்கா அத்தனை வருடம் மெய்யியல் படித்தாள்? சொல்லிவிட்டாள். அப்படியென்றால் இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று அவர் கேட்டார். அதற்கும் உண்மையையே சொன்னாள், தெரியாது என்று.

அவர் கோபிக்கவில்லை. வெள்ளரிப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை பாஹிமா வர்த்தகப் பிரிவுக்கு மாறினாள். பாடம் நின்றது.

நியமனம் வரவேயில்லை. ஸுஹைறா தோஹாவில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் முறைப்பாடு கேட்கிற மேசைக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு பக்கமும் கேட்டுப் பிழையைச் சரியாகப் பிடிக்கிறாள் என்று அங்கே நல்ல பெயர்.

போன வெள்ளிக்கிழமை பாஹிமா ஊரிலிருந்து போனில் கோல் எடுத்தாள். வர்த்தகம் சரிவரவில்லையாம். கல்முனையில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாளாம். வாப்பா அன்று வந்துபோனதை ஸுஹைறாதான் ஞாபகப்படுத்தினாள். அவர் பிழையாக விளங்கியிருந்தார், அதனால்தான் சொல்லவேண்டி வந்தது என்றாள்.

"அவர் அப்பிடி நினைச்சது எனக்குத் தெரியும் டீச்சர். அதாலதானே இந்தப் பாடத்துக்கு உட்டாரு."



"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, புள்ள."

"நீங்க என்னட்டக் கேக்கல்லயே."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கடையில் ஆள் வந்துவிட்டதென்று போனை வைத்தாள்.

மறுநாள் மேசைக்கு ஒரு தம்பதி வந்தது, அக்கரைப்பற்றுக்காரர்கள். முறைப்பாடு மனைவியுடையது. கதை முழுவதையும் கணவர் சொன்னார், ஒழுங்காக, ஒன்றுக்கொன்று முரண் இல்லாமல். ஸுஹைறா பேனையைக் கீழே வைத்தாள்.

"லாத்தா, நீங்க சொல்லுங்க" என்றாள் மனைவியைப் பார்த்து.

"அவக்கு இதெல்லாம் கதைக்கத் தெரியா" என்றார் கணவர்.

ஸுஹைறா கதிரையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.