நஸீறாவின் கோழிக் கரி

1

இந்தக் கதை ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கிழக்கிலங்கைக் கல்முனையில் தெரிந்த ஒரு பெண்ணின் கைப்பேசியில், இன்னும் வெளிவராத ஒரு செயலியில், 'சோரும் கோழிக் கரியும்' என்று பார்த்தேன். சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

கடற்காற்று தலைமுடியைக் கலைக்க, றுஸ்னா தன் மடிக்கணினியை

(வேண்டாம். வேலை தலைக்கு மேல் இருக்கிறவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு எதற்குப் போகிறாள்? உள்ளே மண் போகும். தலைமுடியும் முக்காட்டுக்குள் இருக்கிறது.)

றுஸ்னா வீட்டு முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தாள். அவள் செய்துகொண்டிருந்த செயலியின் பெயர் 'சட்டி'. வீட்டில் சமைக்கும் பெண்கள் பகல் சாப்பாட்டை அதில் போடுவார்கள். கடைக்காரர்களும் கந்தோர் உத்தியோகத்தர்களும் சமைப்பவரின் பெயரைத் தேடி, சாப்பாடு சொல்லி எடுப்பார்கள். நாளைக்குத்தான் முதல் நாள். சேர்ந்த பெண்கள் எல்லாரும் பக்கத்து ஒழுங்கையில் எல்லாருக்கும் அக்காவான நஸீறா ராத்தாவை நம்பி வந்தவர்கள். அவர் விலகினால் மற்றவர்களும் போய்விடுவார்கள். பிறகு சட்டி வெறும் சட்டிதான்.

பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த தோழி யசோதினி கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்த்தாள்.

"இஞ்ச பார், உன்ட ராத்தா சட்டிக்குள்ள இல்ல."

"காலையிலயே பேரைப் பதிஞ்சிட்டாவே. எப்படி அடிச்ச?"

"நஸீரா எண்டுதான்."

"சின்ன ர போட்டா எப்படி வருவா? பெரிய ற போடு."

போட்டதும் வந்தார். (எங்கள் பக்கத்து முஸ்லிம் பெயர்களில் பெரிய ற சாதாரணம். றிஸ்வான், இந்தக் கதையின் நாயகி றுஸ்னா. பள்ளிக்கூடத் தமிழ் இதை ஒப்புக்கொள்ளாது. பெயர் வைத்தவர்கள் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வைக்கவில்லை.)

தேடுகிறவர்கள் எந்த எழுத்தைப் போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? றுஸ்னா ஒரே வரியில் தீர்த்தாள்: ற எங்கே வந்தாலும் ர ஆக்கு. தேடல் வேலை செய்தது. இருவரும் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்கள்.

3

நஸீறா ராத்தா வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே கைப்பேசியை நீட்டினார்.

"ஏன் புள்ள, நான் சோத்தோட கரியா குடுக்கப்போறன்?"

யசோதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ராத்தாவும் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"கரிய விடு. என்ட பேரை ஏன் மாத்தின?"

"ஒரு எழுத்துத்தானே ராத்தா" என்றாள் றுஸ்னா.

"ஓம், ஒரு எழுத்துத்தான். அப்ப உன்ட பேரை மாத்திட்டு வந்து என்னோட கதை. இது ஆரோ ஒரு நஸீரா. அவவே சமைக்கட்டும். என்னை இதில இருந்து எடுத்துடு."

ராத்தா கத்தியிருந்தால் றுஸ்னா சமாளித்திருப்பாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் அவளைக் கலக்கியது.

4

நான் றுஸ்னாவின் பக்கம். ஓர் எழுத்துக்கு இத்தனை பாடா என்றுதான் நானும் நினைத்தேன். அவளுடைய வரியை இந்தக் கதையிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன்:

ருஸ்னா வாசலிலேயே நின்ராள். முர்ரத்தில் இரங்கிய ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை. "பிழை உன்னிலதான்" என்ராள் யசோதினி.

பிறகு என் நாயகியைப் பெயர் போட்டுத் தேடினேன். மேலேயுள்ள பத்தியில் அவள் இல்லை. அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

5

"தேடக்குள்ள மட்டும் ரெண்டையும் ஒண்டா எடு. அவங்க எழுதினதில கை வைக்காத" என்றாள் யசோதினி.

அப்படியே திருத்தினார்கள். ஆனால் அந்த ஒற்றை வரி ஏற்கெனவே பதிந்திருந்த பெயர்களுக்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது. கரி கறிதான் என்று ஊகிக்கலாம். ஒரு பெண் தன் பெயரை எந்த எழுத்தில் எழுதினாள் என்பதை ஊகிக்க முடியாது. அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கைப்பேசியில் பெயர்க் கட்டத்தை வெறுமையாக்கிக்கொண்டு றுஸ்னா ராத்தாவின் குசினிக்குப் போனாள். ராத்தா கோழி கழுவிக்கொண்டிருந்தார். நாளைய சட்டிக்கா, வீட்டுக்கா, தெரியவில்லை.

"ராத்தா, உங்கட பேரை நீங்களே எழுதித் தாங்க."

ராத்தா தண்ணீர்க் குழாயை மூடினார்.

"கை ஈரம். நீ எழுது, பாப்பம்."

றுஸ்னா தட்டத் தொடங்கினாள். ந. ஸீ.

6

இதற்கு மேல் எழுதினால் கதை என் கையில் நிற்காது. பெரிய ற என்றுதான் நான் எழுதி அனுப்புவேன். ஆனால் இடையில் அச்சுப்பிழை திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், தமிழ் படித்தவர். அவர் கண்ணுக்கு இது பிழை. ஒரே வரியில் தீர்த்துவிடுவார்.

ஆகவே தலைப்புக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். கரியைக் கறியாக்கியிருந்தால் மன்னித்துவிடலாம். பெயரைப் பாருங்கள். பெரிய ற அப்படியே இருந்தால் ராத்தா விலகவில்லை. நாளைப் பகலுக்குச் சட்டியில் சோறு உண்டு. சின்ன ர இருந்தால், பேனாவை எடுங்கள். ராத்தாவின் கை இன்னும் ஈரம்.