பொன்மச்சம்

ஏலக்காய்க் கிட்டங்கியில் பச்சைக் காய்களையும் வெளுத்த காய்களையும் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒச்சம்மா மதினி என் சுளகை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வர்ற தையில முடிச்சிருவோம். எந் தம்பி இருந்தா அவனே வந்து சொல்லியிருப்பான்."

அவர் தம்பி வீரணன்தான் என் கணவர். ஆவணியில் இறந்துபோனார். எங்கள் மகள் பேச்சியை மதினியின் மகன் ஜக்கையனுக்குக் கொடுப்பதென்று, அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசிவைத்தது.

அந்த வீட்டில் பலருக்குக் கண்ணிமை ஓரத்தில் மஞ்சளாக, பருப்பளவு ஒரு தடிப்பு இருக்கும். பொன்மச்சம் என்பார்கள். நலுங்கில் முதல் மஞ்சளை அதன்மேல்தான் தொட்டு வைப்பார்கள். சொந்தத்தில் இல்லாமல் அசலிலிருந்து வந்த எனக்கு அது இல்லையென்று மாமியாருக்குக் குறை. பேச்சிக்கு வந்தபோது நானே தெருவுக்குச் சர்க்கரை கொடுத்தேன். ஜக்கையனுக்கும் உண்டு.

அந்த வீட்டு ஆண்களுக்கு நரைப்பதில்லை; அதற்குள் போய்விடுவார்கள். மாமனார் போடிமெட்டு ஏற்றத்தில் மூட்டையோடு உட்கார்ந்தவர் எழவில்லை. என் கணவரின் அண்ணனும் அதே பாதையில்தான். மலை காவு கேட்கிறது என்று மிச்ச ஆண்களை மேலே அனுப்பாமல் வைத்திருந்தார்கள். என் கணவருக்கும் கீழேதான் வேலை. கடைவீதியில் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

யுத்தத்தில் நின்றுபோன மதுரை ரயில் அப்போது மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அதில்தான் கொண்டுபோனோம். டாக்டர் அவர் கண்ணோரத்தைத் தடவி, குதிகால் நரம்பை அமுக்கிப் பார்த்தார். இந்த மச்சம் வீட்டில் யார் யாருக்கு என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னேன். அதிகமும் செத்தவர்களின் பெயர்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ரத்தத்துல சேர்ற கொழுப்பும்மா இது. வழிவழியா வருது. ரெண்டு பக்கமும் இருக்கிறவங்க கட்டிக்கிட்டா, பிறக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயசுலயே மாரடைப்பு வரலாம்."

மதினியிடம் இதைச் சொல்வது, உன் மகனும் நிலைக்கமாட்டான் என்று பெற்றவளிடமே சொல்வதுதான். சொல்லாவிட்டால் பேச்சி பெறப்போகும் பிள்ளை. பேச்சியைப் பற்றி நினைக்கவே எனக்குத் தைரியமில்லை.

பக்கத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்த ஜெய்னம்பு சிரித்தாள். "என்ன சம்பந்தியம்மா, பேச்சைக் காணோம்? சீரு கூடக் கேக்குறாகளோ?"

"வேண்டாம் மதினி. அசல்ல பாப்போம்."

"எந் தம்பி போனதும் நாங்க வேண்டாதவுகளாயிட்டமா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மதினி காய் பொறுக்கிக்கொண்டேயிருந்தார்.

"எந் தம்பி சித்திரையில யாருக்கும் தெரியாம மெட்டுக்கு ஏறிட்டு வந்தான். மலை விடுமா? எம் மகன் ஒருநாளும் ஏறுனதில்ல. மச்சத்தப் பழிக்காத."

"ஒங்க தம்பி விழுந்தது சமதரையில, மதினி. கையில துண்டு கூட இல்ல."

அவர் விரல்கள் நின்றன.

வண்டியிலிருந்து லோடு இறக்கிக்கொண்டிருந்த ஜக்கையன், முதுகில் மூட்டையோடு உள்ளே வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னத்தே, பொண்ணத் தர்றீகளா, நானே தூக்கிட்டுப் போகவா?"

பெண்கள் சிரித்தார்கள். மதினி எழுந்துவிட்டார். மடியிலிருந்த சுளகு சரிந்து காய்கள் சிதறின.

"மூட்டைய எறக்குடா."

"அங்கிட்டுல்ல ஆத்தா அடுக்கணும்?"

"எறக்கு அப்பு."

அவன் நின்ற இடத்திலேயே இறக்கிவிட்டு நிமிர்ந்தான். சட்டையில்லாத நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. அது நிதானத்துக்கு வரும்வரை மதினியும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.