ஹீட்டர் அறை வாசலில் அத்தை

குளத்து ஹீட்டரின் பர்னரைப் பிடித்திருந்த கடைசித் திருகு அடம்பிடித்தது. அவன் ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பினான். வழுக்கியது. மறுபடி பிடித்தான்.

"மாப்பிள்ளை, அந்தத் திருகும் உங்க ஜாதகம்தான் போல. ரெண்டு தடவ கேட்டாத்தான் அசையும்," என்றார் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார்.

அது அவர் இறந்துபோன நாள். காலையில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. அது கொஞ்ச நாளாகவே இருந்தது. நாக்கு மட்டும் வழக்கம்போல நன்றாக இருந்தது.

அவன் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்ப்பவன். அதனால் வீட்டில் அவனுக்கு 'ரெண்டு தடவை மாப்பிள்ளை' என்று அத்தை பெயர் வைத்திருந்தார். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவே ரெண்டு தடவ தலையாட்டினவராச்சே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவனுக்குக் கோபம் வராது. அவர் சொன்னது உண்மைதான்.

அத்தைக்கு முட்டி இரண்டும் போய்விட்டன, இதயமும் தளர்ந்திருந்தது. கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போவதென்றால்கூட ஒருவர் கை வேண்டும். அந்தக் கையை அவர் வெறுத்தார். மகள் பிடித்தாலும் உதறுவார், பிறகு பிடித்துக்கொள்வார். சிகிச்சைக்கான இந்தச் சின்ன வெந்நீர்க் குளத்தில் மட்டும்தான் அவரால் தனியாக நடக்க முடிந்தது. பத்து நிமிடம் நடக்கலாம், ஆனால் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் காலைக்கூட வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை பயிற்சி கொடுக்கும் பெண் போன் செய்தாள். ஹீட்டர் பற்றிக்கொண்டு பற்றிக்கொண்டு அணைகிறது, கம்பெனி ஆள் அடுத்த வாரம்தான் வருவார், அதுவரை வர வேண்டாம் என்றாள். அத்தை போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஹீட்டர் மெக்கானிக்க வீட்டுலயே வச்சிக்கிட்டு, வெந்நீருக்கு நான் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கணுமா?"

அப்படித்தான் இருவரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். குளத்து மேற்பார்வையாளர் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார்.

திருகு கழன்றது. பர்னரை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தான். காற்றும் கேஸும் கலக்கும் குழலின் தொண்டையில் வெள்ளையாகப் பஞ்சுபோல அடைத்திருந்தது.

"என்னது அது?"

"சிலந்திக் கூடு, அத்தை. அதுக்குக் கேஸ் வாசம்னா ஒரு ஆசை. உள்ள போய்க் குடித்தனம் பண்ணிடும்."

"அதுக்காவது வீட்டோட இருக்கத் தெரியுது. உங்களத்தான் ஞாயித்துக்கெழமகூட வீட்டுல பாக்க முடியல."

போன் அடித்தது. மனைவி அலுவலகத்திலிருந்து பேசினாள்.

"அம்மா எங்க?"

"இங்கதான். ஹீட்டர் ரூம் வாசல்ல."

"ஹீட்டர் ரூமா? ராத்திரி பூரா மூச்சு வாங்கிச்சுன்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லையா? அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கொல்லுவான்."

"வாசல்லதான். நல்லா காத்து வருது."

"இங்க வேடிக்கை பாத்துக்கிட்டு எனக்கு நல்லா பொழுது போகுது. நீ உன் வேலையப் பாருடி!" என்று நாற்காலியிலிருந்தே கத்தினார் அத்தை. அந்தக் கத்தலுக்குப் பிறகு சற்று நேரம் அவருக்குப் பேச மூச்சு போதவில்லை. அவன் போனை வைத்துவிட்டு, அவர் மூச்சு சீராகும்வரை துடைத்த பிரஷ்ஷையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

குழல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து ஊதினான். காற்றை உள்ளே தள்ளும் விசிறியின் இதழ்களில் தூசி கம்பளிபோல அப்பியிருந்தது. அதைச் சுரண்டினான். எல்லாவற்றையும் மாட்டி, கேஸ் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. மறுபடி தடவிப் பார்த்தான். அத்தை இருமுவதுபோலச் சிரித்தார்.

பற்றவைத்ததும் முன் தகட்டை மாட்டப் போனான்.

"இருங்க, இருங்க. மூடாதீங்க. நெருப்பப் பாக்கணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வருஷக்கணக்காக இந்த வேலை செய்கிறான். வாடிக்கையாளர்கள் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார்கள். மனைவி அவன் சட்டையின் வாசத்தைப் பற்றிக் குறைசொல்வாள். நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நாற்காலியை உள்ளே கொஞ்சம் தள்ளி வைத்தான். நீலமாகக் குட்டையாக வரிசைகட்டி எரிந்தது நெருப்பு. காற்று வரும் மடலைக் கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் கூட்டி, அது எப்படி மஞ்சளாகிறது, எப்படி மறுபடி நீலமாகிறது என்று காட்டினான். தேவைக்கு மேலேயே பேசினான்.

"அடுப்பு மாதிரிதான். ஆனா அழகா இருக்கு," என்றார் அத்தை.

நெருப்பு நீலமாக நின்ற இடத்தில் மடலை இறுக்கினான், தகட்டை மாட்டினான். குளக்கரைக்கு வந்து இருவரும் காத்திருந்தார்கள். பயிற்சிப் பெண் அவ்வப்போது தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். முள் ஏறவில்லை. பிறகு பார்த்தபோது இறங்கியிருந்தது.

அவன் ஓடினான். ஹீட்டர் அணைந்து சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி பற்றவைத்தான். தகட்டில் இருந்த சிறு கண்ணாடித் துளை வழியே பார்த்தால் நெருப்பு மஞ்சளாக நாக்கை நீட்டியது, பிறகு தடுமாறி அணைந்தது. கேஸ் அழுத்தத்தை அளந்தான். சரியாக இருந்தது. குழலில் எதையாவது விட்டுவிட்டேனா? விசிறியைச் சரியாக மாட்டவில்லையா? எழுந்து குளக்கரைக்கு வந்தான்.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சி தொங்குது?"

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன் அத்தை. என்னன்னு தெரியல. வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்கு வேற ஆளையும் கூட்டிட்டு வந்து பாக்கறேன்."

"நாளைக்கு எனக்கு வேற வேல இருக்கு."

"என்ன வேலை?"

"ஏன், உங்ககிட்ட சொல்லணுமா? போங்க, மெதுவா பாருங்க. நான் இருக்கேன்."

சிக்னலில் பச்சை விழும்வரைகூடப் பொறுக்காமல் டிரைவரைத் திட்டுகிறவர். அவர் போர்வையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

அவன் ஹீட்டர் முன்னால் போய்க் குந்தினான். முதலிலிருந்து, செய்ததையெல்லாம் செய்த வரிசையில் மனதுக்குள் செய்து பார்த்தான். திருகு. குழல். விசிறி. நுரை. நெருப்பு. நெருப்பில் நின்றான்.

அவருக்குக் காட்டுவதற்காகத் தகட்டைத் திறந்து வைத்துக்கொண்டே காற்றின் அளவை முடிவுசெய்துவிட்டான். திறந்திருந்தபோது அறையின் காற்றெல்லாம் விசிறிக்குக் கிடைத்தது. மூடியதும், பின்பக்கத்துச் சல்லடை வழியாக வருவது மட்டும்தான். அந்தச் சல்லடையை அவன் பார்க்கவே இல்லை. இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

பின்னால் கையைவிட்டுத் துழாவினான். சல்லடையில் தூசி தடித்த துணிபோலப் படிந்திருந்தது. உரித்தெடுத்தான். தகட்டை மூடிப் பற்றவைத்து, புகைக்குழாயில் அளவுக் கருவியைச் செருகி, துளை வழியே பார்த்துப் பார்த்து மடலைத் திறந்தான். நெருப்பு குட்டையாகி நீலமாக நின்றது. நகராமல் காத்திருந்தான். நின்றபடியே எரிந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் சூடாகிவிட்டது. பயிற்சிப் பெண் அத்தையைப் படியில் இறக்கினாள். மார்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு ஒரு கையை எடுத்தார். மற்றதையும் எடுத்தார்.

"மாப்பிள்ளை! விட்டுட்டேன், பாத்தீங்களா?"

"பாத்தேன் அத்தை."

"ரெண்டாவது தடவையும் பாத்துக்குங்க. ஒரு தடவ பாத்தா உங்களுக்கு நம்பிக்கை வராதே."

அந்தக் கரைக்குப் போய், யாரையும் பிடிக்காமல் திரும்பி, இந்தக் கரைக்கு நடந்து வந்தார். அவசரமே இல்லை. கடைத்தெருவுக்குப் போகிறவர்போலக் கைகளை வீசிக்கொண்டு வந்தார். கரையில் நின்றிருந்தவன் கரி படிந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

வீடு திரும்பியபோது மனைவி சீக்கிரமே வந்திருந்தாள். முதலில் அவனை முறைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் முறைப்பை விட்டாள். ஈர உடையை மாற்றி, அலசிப் போட்டுவிட்டு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?"

"உன் புருஷன் மாதிரிதான். சூடேறத்தான் நேரமாகுது. ஏறிட்டா..."

அவன் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தான். மீதிக்காகக் காத்திருந்தான். ஈரக் கையோடு வாசலுக்கு வந்து பார்த்தான். அத்தையின் தலை துண்டுக்குள் லேசாகச் சாய்ந்திருந்தது.

"கண்ணசந்துட்டாங்க," என்றாள் மனைவி மெதுவாக.

அவன் முன்னால் மண்டியிட்டு மணிக்கட்டைத் தொட்டான். காத்திருந்தான். பிறகு அடுத்த கையின் மணிக்கட்டைத் தொட்டான். மனைவி தலையின் மறுபக்கத்தையும் துவட்டி முடிக்கும்வரை அந்தக் கையைப் பிடித்தபடியே இருந்தான்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்றைக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியதுதான் என்றார். இருட்டுவதற்குள் மைத்துனனும் வந்துவிட்டான். அம்மாவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"இந்த நெலமையில தண்ணிக்குக் கூட்டிட்டுப் போகணுமா, மச்சான்?"

அவன் காலையிலிருந்து தன்னையே கேட்காத கேள்வி அது ஒன்றுதான். இப்போது கேட்டுப் பார்த்தான்.

"அம்மா நடந்தாங்கண்ணா," என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு போன்ல சொன்னா. யாரையும் புடிக்காம, போயிட்டுத் திரும்பி வந்தாங்களாம்."

மைத்துனன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். "கையே புடிக்கலியா?"

"புடிக்கல. ரெண்டு தடவை," என்றான் அவன்.

மைத்துனன் தலையை ஆட்டினான். பிறகு நகர்ந்து, தன் பக்கத்தில் அவனுக்கு இடம்விட்டான்.

மறுநாள் காலை உறவினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பால்கனியில் நாற்காலிகள் போட வேண்டியிருந்தது. கொடியில் அத்தையின் கருநீல நீச்சல் உடை தொங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் அதை எடுக்கப் போய், கையை நிறுத்திக்கொண்டான்.

"இத எடுத்துடவா?"

அவன் வந்து உடையின் ஓரத்தைத் தொட்டான். தையல்களில் இன்னும் ஈரம் இருந்தது. "காயல," என்றான். அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அதன் கைகளை நீவிவிட்டு, கொடியின் வெயில் விழும் கோடியில் போட்டுக் கிளிப் மாட்டினான். நாற்காலிகளை இந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டார்கள்.